டீச்சர் வேண்டாம்னு சொன்ன மஞ்சள் விமானம்... அமெலியா ஏர்ஹார்ட் பறக்கக் கத்துக்கிட்ட கதை!

கார் ஓட்டக் கத்துக்கப்போற வீட்டில் ஒரு வாக்குவாதம் கட்டாயம் நடக்கும். பழைய மாருதி 800-ல இடிச்சு, உரசிக் கத்துக்கோ, அப்புறமா புதுசு வாங்கலாம் என்பார்கள் பெரியவர்கள். எப்படியும் வாங்கத்தானே போறோம், புதுசுலயே கத்துக்கிறேன் என்று அடம்பிடிப்பார்கள் பிள்ளைகள்.

விமானம் ஓட்டக் கத்துக்கிறவங்களுக்கும் இதே தலைவலி உண்டு. ஃப்ளையிங் ஸ்கூலில் சேர நினைக்கிற பலருக்கும் முதலில் வரும் சந்தேகம், எந்த பிளேன்ல கத்துக்கறது என்பதுதான். ரெண்டு சீட் செஸ்னா 152 போதுமா, நாலு சீட் 172-க்குக் கூடுதலா காசு கொடுக்கலாமா, சொந்தமா ஒண்ணு வாங்கிட்டா என்ன என்று கேள்வி நீண்டுகொண்டே போகும்.

1921-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் ஓர் இளம்பெண் இதே விஷயத்துக்காகத் தன் டீச்சரோடு முட்டிக்கொண்டார். டீச்சர் வேண்டாம் என்று சொன்ன விமானத்தைத்தான் கடைசியில் வாங்கினார். பிற்பாடு அட்லாண்டிக் கடலைத் தனியாகப் பறந்து கடந்த முதல் பெண் என்று உலகமே கொண்டாடிய அமெலியா ஏர்ஹார்ட்தான் அவர்.

அமெலியா என்றாலே 1937-ல் பசிபிக் கடலுக்கு மேல் காணாமல்போன மர்மம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். யூடியூபில் அதற்கு வீடியோக்கள் கொட்டிக்கிடக்கின்றன. அதைக் கொஞ்சம் ஓரமா வைப்போம். அவர் ஸ்டிக் பிடிக்கக் கத்துக்கிட்ட அந்த ரெண்டு வருஷக் கதை அதைவிட சுவாரஸ்யமானது.

பத்து டாலர், பத்து நிமிஷம்

1897 ஜூலை 24-ல் கான்சாஸ் மாநிலத்தின் அட்ச்சிசன் ஊரில் பிறந்தவர் அமெலியா. அம்மாவின் அப்பா நீதிபதி, வசதியான குடும்பம். அப்பா எட்வின் ரயில்வே கம்பெனிக்கு வேலை பார்த்த வக்கீல். நல்ல மனுஷன்தான், ஆனால் குடி அவரை விடவில்லை. வேலை போனது, ஊர் ஊராக மாறினார்கள், பிள்ளைகளின் படிப்பும் கூடவே அலைந்தது.

சின்ன வயதில் ஒரு கண்காட்சியில் முதன்முதலாக விமானத்தைப் பார்த்தபோது அமெலியாவுக்கு அது பிடிக்கவே இல்லையாம். துருப்பிடித்த கம்பியும் மரக்கட்டையுமாகத் தெரிந்ததாம். அப்போது அவருக்குப் பத்து வயதுதான்.

முதல் உலகப்போர் சமயத்தில் கனடாவின் டொரொன்டோவில், காயம்பட்ட வீரர்களுக்கான மருத்துவமனையில் உதவி செவிலியராக வேலை பார்த்தார். 1918 ஃப்ளூ அவரையும் பிடித்தது. அது விட்டுச்சென்ற சைனஸ் தொல்லை வாழ்நாள் முழுக்க உடன்வந்தது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்புக்கான பாடங்களை எடுத்தவர், ஒரு வருடத்திலேயே அதையும் விட்டுவிட்டு கலிஃபோர்னியாவில் இருந்த பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தார்.

1920 டிசம்பர் 28. லாங் பீச்சில் ஒரு விமானக் காட்சிக்கு அப்பாவும் மகளும் போனார்கள். ஃப்ராங்க் ஹாக்ஸ் என்ற விமானி, பத்து டாலர் வாங்கிக்கொண்டு பத்து நிமிஷம் சுற்றிக் காட்டுவார். அப்பா காசு கொடுத்தார், மகள் ஏறினார். தரையிலிருந்து இருநூறு, முன்னூறு அடி மேலே போனபோதே இதை ஓட்டக் கத்துக்கணும் என்று முடிவு செய்துவிட்டார். ஆனால் பாடத்துக்குப் பணம் கொடுக்க அப்பாவிடம் வசதியில்லை.

உடைந்த விமானத்தை வாங்கிய நெட்டா

பெண் டீச்சராக இருந்தால் கூச்சமில்லாமல் கத்துக்கலாம் என்று நினைத்தார் அமெலியா. அந்தக் காலத்தில் அப்படி ஒருவர் கிடைப்பதே அபூர்வம். லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் கின்னர் ஃபீல்ட் என்ற விமானத்திடலில் ஒருவர் இருந்தார். பெயர் நெட்டா ஸ்னூக், அமெலியாவைவிட ஒரு வயதுதான் பெரியவர்.

இந்த நெட்டா பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். வர்ஜீனியாவில் இருந்த கர்ட்டிஸ் விமானப் பள்ளி சேர்த்துக்கொண்ட முதல் பெண் அவர். போர் வந்ததால் பொதுமக்கள் பறக்கத் தடை போட்டார்கள், அவருடைய பயிற்சி பாதியில் நின்றது. போருக்குப் பின் விபத்தில் நொறுங்கிய ஒரு விமானத்தை வாங்கி, அயோவாவில் அப்பா அம்மா வீட்டுக் கொல்லையில் போட்டு, தானே ரிப்பேர் செய்தார். அதில் ஆள் ஏற்றிச் சம்பாதித்தார். பிறகு அதோடு கலிஃபோர்னியாவுக்கு வந்து, கின்னர் ஃபீல்டை நடத்தும் பொறுப்பையும் ஏற்றார்.

அந்த விமானத்தின் பெயர் கனக். ‘ஜென்னி’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட அமெரிக்காவின் ஜேஎன்-4 பயிற்சி விமானத்தை கனடாவில் கொஞ்சம் மாற்றிக் கட்டினார்கள், அதுதான் கனக். போரில் பறக்கப்போன பையன்கள் கத்துக்கிட்டதே இதில்தான். போர் முடிந்ததும் மிச்சமிருந்த விமானங்கள் மலிவு விலையில் சந்தைக்கு வந்தன. அந்தக் காலத்து மாருதி 800 என்றே வைத்துக்கொள்ளுங்க.

மரச்சட்டம், மேலே துணி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை. இறக்கையின் நீளம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் 43 அடி. முன்னால் தண்ணீரால் குளிரூட்டப்படும் எட்டு சிலிண்டர், 90 குதிரைத்திறன் இன்ஜின். ரொம்ப முறுக்கினாலும் மணிக்கு 120 கிலோமீட்டர்தான். பிரேக் கிடையாது. முன்னும் பின்னுமாக இரண்டு திறந்த காக்பிட், இரண்டிலும் ஸ்டிக்கும் காலால் மிதிக்கும் ரடர் கட்டையும் இருக்கும். இன்ஜின் இரைச்சலிலும் காற்றிலும் டீச்சர் பேசுவது காதில் விழாது. சைகையும், இறங்கிய பிறகு கிடைக்கும் திட்டும்தான் பாடம்.

1921 ஜனவரி 3-ல் முதல் வகுப்பு. விமான அறிவியல் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே வந்து நின்றாராம் அமெலியா. அந்த ஒரு விஷயத்தில் நெட்டாவுக்கு அவரைப் பிடித்துப்போனது. கட்டணம், காற்றில் இருக்கும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு டாலர்.

அந்தப் பணத்துக்காக அமெலியா செய்யாத வேலையில்லை. டெலிபோன் கம்பெனியில் அலுவலக வேலை, போட்டோகிராஃபி, லாரி ஓட்டுவது என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். திடலுக்குப் போக பஸ் கடைசி நிறுத்தம் வரைதான், அதற்குப் பிறகு ஆறு கிலோமீட்டருக்கு மேல் நடை. புதுசா வாங்கிய லெதர் ஜாக்கெட் பளபளவென்று இருந்தால் மற்ற விமானிகள் கிண்டல் செய்வார்களே என்று, மூன்று ராத்திரி அதைப் போட்டுக்கொண்டே தூங்கிக் கசக்கினார். இன்ஸ்டா காலத்துப் பிள்ளைகளுக்கு இது நல்லாவே புரியும்!

மஞ்சள் கேனரி மேல் காதல்

கத்துக்க ஆரம்பித்து இரண்டரை மணி நேரப் பறத்தல்தான் ஆகியிருந்தது. அதற்குள் சொந்த விமானம் இல்லாமல் வாழ்க்கையே முழுமையாகாது என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. அதற்குக் காரணம் அதே திடலில் நின்ற ஒரு குட்டி விமானம்.

திடலின் சொந்தக்காரர் பெர்ட் கின்னர் தானே ஒரு விமானத்தை வடிவமைத்திருந்தார். பெயர் ஏர்ஸ்டர். கனக்கோடு ஒப்பிட்டால் பொம்மை மாதிரி இருக்கும். தண்ணீர் டேங்க், ரேடியேட்டர் சுமை எதுவும் இல்லாமல் காற்றிலேயே குளிரும் மூன்று சிலிண்டர், 60 குதிரைத்திறன் இன்ஜின். அந்த வகை இன்ஜினே அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருந்தது.

அமெலியா ஏன் அதில் விழுந்தார் என்பது ரொம்ப நடைமுறையான காரணம். கனக்கைத் தரையில் நகர்த்தவே ஆள் வேண்டும். ஏர்ஸ்டரின் வாலைத் தூக்கி, ஒரு பெண் தனியாளாக இழுத்துப்போய் ஹேங்கரில் விடலாம். அதாவது பறக்க ஆசைப்படும் ஒவ்வொரு முறையும் யாராவது ஓர் ஆம்பளையிடம் கொஞ்சம் தள்ளிவிடுங்க என்று கெஞ்ச வேண்டியதில்லை. அழகு, வேகம் எல்லாம் இதற்கு அப்புறம்தான் என்று நினைக்கிறேன்.

நெட்டாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. புதியவர்களுக்கு ஏற்ற விமானம் இது இல்லை என்பது அவர் கட்சி. அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிமையானது. பெரிய இறக்கையும் மந்தமான வேகமும் கொண்ட விமானம் மாணவரின் தப்பை மெதுவாகத்தான் தண்டிக்கும். ஸ்டிக்கைக் கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டால்கூட, உணர்ந்து திருத்த ஓரிரு விநாடி கிடைக்கும். லேசான விமானம் ஸ்டிக்கைத் தொட்டவுடன் திரும்பும், காற்று அடித்தால் தூக்கிப்போடும். அனுபவசாலிக்கு அது சுகம், கத்துக்குட்டிக்கு அது கண்டம். போதாததற்கு, ஆயிரக்கணக்கான மணி நேரம் பலர் ஓட்டிப் பார்த்த இன்ஜின் கனக்கில் இருந்தது. ஏர்ஸ்டரின் இன்ஜினுக்கு அப்படி ஒரு ஜாதகமே இல்லை. அது அதிர்ந்த அதிர்வில் ரடர் கட்டையில் வைத்த பாதம் மரத்துப்போகுமாம்.

இன்றைக்கும் ஃப்ளையிங் ஸ்கூல்களில் செஸ்னா ஏன் இவ்வளவு ஓடுகிறது என்று கேட்டால், ஏறக்குறைய நெட்டாவின் பதில்தான் வரும். 1955-ல் முதன்முதலாகப் பறந்த 172 மாடல் இதுவரை 44,000-க்கும் மேல் தயாராகியிருக்கிறது. பார்க்க ஒரு கிளாமரும் இல்லை. ஆனால் தப்பைப் பொறுத்துக்கொள்ளும், மெக்கானிக் கிடைப்பார், உதிரிபாகம் கிடைக்கும், அதைக் கரைத்துக் குடித்த பயிற்சியாளரும் கிடைப்பார்.

அமெலியா கேட்கவில்லை. விலை 2,000 டாலர். தன் சேமிப்பு, தங்கை மியூரியலின் சேமிப்பு, அம்மாவின் பணம் எல்லாம் சேர்ந்தது. 1921 கோடையில், 24-வது பிறந்தநாளையொட்டி ஏர்ஸ்டர் அவருடையதானது. பளிச்சென்ற மஞ்சள் பெயின்ட். அதனால் ‘கேனரி’ என்று குருவிப் பெயர் வைத்தார். கின்னரோடு ஒரு டீலும் பேசிக்கொண்டார். வாடிக்கையாளர்களுக்கு ஓட்டிக்காட்ட கின்னர் அந்த விமானத்தை எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு ஹேங்கர் வாடகை இல்லை. சொந்த விமானம் வாங்குவதைவிட அதை நிறுத்திவைப்பதற்கு ஆகும் செலவுதான் ஆளைச் சாய்க்கும் என்பதை அந்த வயதிலேயே புரிந்துவைத்திருந்தார் பாருங்க!

யூகலிப்டஸ் மரங்கள்

நெட்டா பயந்தது நடந்தது. ஒருநாள் இருவரும் ஏர்ஸ்டரில் பக்கத்து விமானத்திடலுக்குப் போய்விட்டுத் திரும்பக் கிளம்பினார்கள். ஓட்டியது அமெலியா. ஓடுபாதையின் முடிவில் யூகலிப்டஸ் தோப்பு. விமானம் போதுமான வேகத்தில் மேலே ஏறவில்லை. மரத்தில் மோதாமல் இருக்க அமெலியா மூக்கைத் தூக்கினார்.

மூக்கைத் தூக்கினால் விமானம் மேலே போகும் என்றுதான் நாம் நினைப்போம். வேகம் போதாதபோது தூக்கினால் இறக்கையைத் தாங்கும் காற்றோட்டம் அறுந்துவிடும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். இதற்கும் இன்ஜின் நிற்பதற்கும் சம்பந்தமில்லை. ஏர்ஸ்டர் அப்படியே கீழே விழுந்தது. புரொப்பெல்லர் உடைந்தது, சக்கரப்பகுதி நசுங்கியது, இருவருக்கும் பெரிய காயமில்லை. நெட்டா திரும்பிப் பார்த்தபோது, பத்திரிகைக்காரங்க வந்துடுவாங்களே என்று அமெலியா முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாராம்.

சிரிப்பு வரும் காட்சிதான். ஆனால் நெட்டாவை அது யோசிக்கவைத்தது. மரத்தில் மோதுவதைவிட அமெலியா செய்தது சரி என்று விட்டுக்கொடுத்தாலும், மாணவியின் திறமையைத் தான் அதிகமாக மதிப்பிட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிட்டது.

கொஞ்ச நாளில் நெட்டா திருமணம் செய்துகொண்டு, குழந்தை உண்டானதும் பறப்பதையே விட்டுவிட்டார். அமெலியாவின் பயிற்சி, ராணுவத்தில் இருந்த ஜான் மொன்டிஹோ என்பவர் கைக்குப் போனது. இங்கே அமெலியா செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தனியாகப் பறக்கச்சொல்லி எல்லோரும் நச்சரித்தபோதும் அவர் மறுத்துவிட்டார். சுழலில் மாட்டினால் எப்படி வெளியே வருவது, தலைகீழானால் என்ன செய்வது என்று சாகசப் பயிற்சியெல்லாம் முடித்த பிறகுதான் தனியாகப் போவேன் என்றார். டீச்சர் பேச்சைக் கேட்காமல் முரட்டு விமானத்தை வாங்கியவர், அந்த முரட்டுத்தனத்துக்கு மருந்தையும் தானே தேடிக்கொண்டார்.

அப்படியும் முதல் சோலோவில் ஓட்டம் பிசகியது. தரையைவிட்டுக் கிளம்பும் நேரம் ஷாக் அப்சார்பர் ஒன்று உடைந்து இடது இறக்கை சாய்ந்தது. நிறுத்தி, ரிப்பேர் செய்து, மறுபடி கிளம்பி 5,000 அடி வரை போனார். இறங்கிய விதம் படுமோசம் என்று அவரே பிறகு ஒத்துக்கொண்டிருக்கிறார்.

1922 அக்டோபர் 22-ல் அதே கேனரி அவரை 14,000 அடி உயரத்துக்குக் கொண்டுபோனது. அன்றைக்குப் பெண்களில் யாரும் போகாத உயரம். ஜென்னி வகை விமானங்கள் சாதாரணமாக அதில் பாதி உயரம்கூட ஏறாது. 1923 மே மாதம் லைசென்ஸ் கையில் வந்தது. அமெரிக்காவில் அதைப் பெற்ற 16-வது பெண் அவர்.

அப்போ யார் சொன்னது சரி? ஆரம்பப் பாடத்துக்கு நெட்டா சொன்னதுதான் சரி என்பேன். யூகலிப்டஸ் தோப்பு இன்னும் பத்தடி பக்கத்தில் இருந்திருந்தால் நாம் அமெலியா என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் கனக்கோடு நின்றிருந்தால் 14,000 அடியும் இல்லை.

விமானம் போய் கார் வந்தது

பறத்தல் சோறு போடவில்லை. பாட்டி விட்டுச்சென்ற பணம் கரைந்துகொண்டே வந்தது. ஜிப்சம் சுரங்கம் ஒன்றில் போட்ட மிச்சமும் மூழ்கியது. கேனரியை விற்க வேண்டியதாயிற்று. 1924-ல் பெற்றோர் விவாகரத்து செய்துகொண்டார்கள். அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு ஒரு காரில் கலிஃபோர்னியாவிலிருந்து கனடா வழியாகச் சுற்றி, பாஸ்டன்வரை ஓட்டிப்போனார் அமெலியா. அந்த காரும் மஞ்சள்தான்!

பாஸ்டனில் சைனஸுக்கு ஆபரேஷன். பிறகு, புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு உதவும் டெனிசன் ஹவுஸில் சமூக சேவகி வேலை. ஓய்வு நேரத்தில் கின்னர் விமானங்களுக்கு விற்பனைப் பிரதிநிதி. பாஸ்டன்வாசிகள் சிலருக்கு மட்டும் தெரிந்த பெயராகத்தான் இருந்தார்.

1928-ல் ஒரு போன் அழைப்பு எல்லாவற்றையும் மாற்றியது. அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானத்தில் ஒரு பெண்ணும் போக வேண்டும் என்று தேடினார்கள். அது மூன்று இன்ஜின் வைத்த ஃபோக்கர். அமெலியாவுக்கு அதை ஓட்டிப் பழக்கமில்லை, மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சியும் இல்லை. ஆகவே ஓட்டியது வில்மர் ஸ்டல்ட்ஸ், துணைக்கு லூயிஸ் கார்டன். 20 மணி 40 நிமிடத்தில் வேல்ஸ் கரையில் இறங்கினார்கள். உலகம் கொண்டாடியது அமெலியாவை. அவரோ, தான் உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி உட்கார்ந்து வந்ததாக வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டார்.

அந்த உறுத்தலோடு இங்கிலாந்தில் அவர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? மறுபடியும் ஒரு குட்டி விமானம் வாங்கினார். லேடி மேரி ஹீத் என்ற பெண் விமானி ஓட்டிக்கொண்டிருந்த ஏவ்ரோ ஏவியன், இரண்டு சீட். கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பி, அதே வருடம் அதில் தனியாகவே கண்டத்தைக் கடந்து போய்த் திரும்பினார்.

1929-ல் வாங்கிய லாக்ஹீட் வேகாவும் செகண்ட் ஹேண்ட்தான். அதை லாக்ஹீட் கம்பெனிக்கே ஓட்டிப்போனபோது, பிரபல விமானி வைலி போஸ்ட் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, இதிலா இவ்வளவு தூரம் வந்தீங்க என்கிற ரீதியில் திட்டினாராம். கம்பெனி வெட்கப்பட்டு வேறு விமானம் மாற்றிக்கொடுத்தது. அந்த வருடம் பெண்களுக்கான முதல் கண்டம்தாண்டும் பந்தயம் நடந்தது. பெண்களுக்குப் பொருத்தமான சக்தியுள்ள இன்ஜின்தான் இருக்கணும் என்று அதற்கு ஒரு விதி. எந்த விமானம் உனக்குச் சரி என்று டீச்சர் சொல்வது வேறு, விதி போட்டுச் சொல்வது வேறு. அமெலியா அதில் மூன்றாவதாக வந்தார்.

1932 மே 20-21. சிவப்பு நிற வேகா 5பி-யில் தனியாக அட்லாண்டிக். உயரம் காட்டும் கருவி வேலைசெய்யவில்லை, இறக்கையில் பனி படிந்தது, எக்ஸாஸ்ட் விரிசலிலிருந்து தீ தெரிந்தது. 14 மணி 56 நிமிடத்தில் வட அயர்லாந்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கினார். சுழலிலிருந்து வெளியே வருவது எப்படி என்று பத்து வருடம் முன்பு அடம்பிடித்துக் கத்துக்கிட்டவர் அல்லவா! அந்த வேகா இப்போது வாஷிங்டனின் தேசிய விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1937-ல் உலகைச் சுற்றக் கிளம்பியபோது அவரிடம் இருந்தது இரட்டை இன்ஜின் எலெக்ட்ரா. மார்ச்சில் ஹவாயில் டேக்-ஆஃப் ஆகும்போதே அது கட்டுப்பாடு இழந்து சுழன்று உடைந்தது. டயரா, த்ராட்டிலைக் கையாண்ட விதமா என்று இன்றுவரை சர்ச்சை. சரிசெய்து ஜூனில் மறுபடி கிளம்பினார். அந்தப் பயணத்தில் கராச்சி, கல்கத்தா டம் டம் வழியாகப் பறந்ததில் நம்ம பக்கத்துக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. ஜூலை 2-ல் நியூ கினியின் லே நகரிலிருந்து வழிகாட்டி ஃப்ரெட் நூனனோடு புறப்பட்டவர், ஹவ்லண்ட் தீவுக்குப் போய்ச் சேரவில்லை. அவருக்கு 40 வயது நிறைய மூன்று வாரம் பாக்கியிருந்தது.

நெட்டா ஸ்னூக் நீண்டகாலம் வாழ்ந்தார். 1974-ல், அமெலியாவுக்குப் பறக்கக் கத்துக்கொடுத்ததைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். விமானத்தை விட்டு அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருந்த நிலையில், 1977-ல், 81 வயதில், லிண்ட்பெர்க்கின் விமானத்தைப் போலவே செய்யப்பட்ட மாதிரி விமானம் ஒன்றை ஓட்ட அவருக்கு அழைப்பு வந்தது. 1991-ல் இறந்தபோது அவருக்கு வயது 95.